மல்லன் போட்ட தோப்புக்கரணம்

பல்லக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது, பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் பெண். வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் அக்கா என்று கூப்பிட்டுக்கொள்கிற இடத்தில் எந்த அக்கா என்று தெரிய வேண்டாமா? ஊசி போடுகிறவள் ஊசியக்கா, பின்னறையில் பொய்ப்பல் கட்டுகிறவள் பல்லக்கா. யார் எது சொன்னாலும் பதிலுக்கு ஒன்று சொல்லிப் பழகாதவள் அவள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். டாக்டர் எடுத்த வாய் அச்சு ஒரு டப்பாவில் உள்ளே வரும். அதில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றிக் காயவைத்து, மெழுகில் ஈறு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து அனுப்புவாள். இத்தனை வருஷத்தில் ஊர்ப்பட்ட பேரின் தாடையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. ஒருமுறை பஸ்ஸில் ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் லேசாகச் சாய்ந்திருந்தது. நிஜப்பல் மாதிரி இருக்கட்டும் என்று அவளே சாய்த்து நட்ட பல். சந்தோஷம் தாங்காமல் அவளும் சிரித்தாள். பெரியவர் தன் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் பேச்சுக்கு ஆள் என்று இருந்தது தம்பி ஒருவன்தான். அம்மா அப்பா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்விட்டான். போகும்போது டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியைத் தடவிக்கொடுத்து, "தூசி படாம பாத்துக்கக்கா, அடுத்த தடவை வந்து எடுத்துக்கறேன்" என்றான். அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை. தம்பி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான்.

"சாப்டியாக்கா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

அதோடு சரி. அப்புறம் இரண்டு பேரும் அடுத்து என்ன பேசுவது என்று தேடுவார்கள். அவளுக்குக் கடைவாய்ப்பல்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேச வரும், அதை யார் கேட்பார்கள்? அவனுக்கு அந்தச் சண்டை கேமைப் பற்றி விடிய விடியப் பேச வரும். முன்னெல்லாம் அவன் பேசப் பேச அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே 'ம்' கொட்டியிருக்கிறாள், ஒரு வார்த்தை மண்டையில் ஏறியதில்லை. இப்போது அதைக் கற்றுக்கொண்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. கற்றுக்கொண்டால் பேச விஷயம் கிடைக்கும், அவனும் சட்டென்று போனை வைக்க மாட்டான். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. வேலை விட்டு வந்து, விளக்கு ஏற்றுமுன் பெட்டியைப் போட்டாள்.

திரையில் வரிசையாகச் சண்டைக்காரர்களின் முகம். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பலத்தைப் பார்ப்பார்கள், உடுப்பைப் பார்ப்பார்கள். இவள் பல்லைப் பார்த்தாள். வாளேந்திய ஒருத்தனுக்குக் கீழ்வரிசை முன்தள்ளல், கடியே சேராது. ஓநாய்த் தோல் போர்த்தியவனுக்கு மனுஷ வாயில் அடங்காத அளவுக்குப் பல். மலைபோல நின்ற ஒரு மல்லனுக்கு மேல் கோரைப்பல் ஒன்று இல்லை. பார்த்ததும் கட்டிக்கொடுக்கலாம் என்று கை பரபரத்தது. கடைசியில் குடை வைத்துச் சண்டை போடும் ஒருத்தியை எடுத்தாள். அவள் ஒருத்திதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

தொடக்கத்தில் மண்ணைக் கவ்வினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மண்ணைவிட்டு எழவே இல்லை. குத்துக்கு ஒரு பட்டன், உதைக்கு ஒரு பட்டன், குடையைச் சுழற்ற வேண்டுமானால் கீழே அழுத்தி, அப்படியே முன்னால் உருட்டி, குத்து. அவள் உருட்டி முடிப்பதற்குள் எதிராளி அவளை உருட்டிவிடுவான். தடுப்பது மட்டும் உடனே வந்துவிட்டது. பின்பக்கம் அழுத்திப் பிடித்தால் போதும், வருகிற அடியெல்லாம் குடையில் பட்டுத் தெறிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டே இருப்பதற்கு அவளுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த கேமை உண்டாக்கியவர்கள் லேசுப்பட்டவர்களா? தடுத்துக்கொண்டே நிற்கிறவர்களுக்கென்றே ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் பிடி. கிட்டே வந்து அப்படியே பிடித்துத் தூக்கிப் போட்டுவிடலாம், தடுப்பு செல்லாது.

அப்படிப் பிடித்துத் தூக்கிப் போடுவதற்கென்றே பிறந்தவன் அந்த மல்லன். அவனை வைத்து ஆடுகிற ஒருவர் இணையம் வழியாக எங்கிருந்தோ அவளுக்கு வந்து வாய்த்தார். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. திரையில் பெயருக்குப் பதில் நாலைந்து எழுத்தும், பின்னால் ஒரு வரிசை சைபரும் இருக்கும். தம்பியாக இருக்குமோ என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. அப்படி இருக்க வழியில்லை. அவனுடைய பெயரில்தான் இவள் ஆடிக்கொண்டிருந்தாள், பெட்டியில் அவன் விட்டுப்போன பெயர். அது போக, இவள் ஆடுகிற நேரத்தில் அவன் அங்கே ஆபீஸில் இருப்பான்.

முதல் ஆட்டத்தில் மல்லன் அவளைத் துவைத்துக் காயப்போட்டான். குடைக்காரி கீழே கிடந்தாள். ஆட்டம் முடிந்து திரை மாறக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் மல்லன் அவள் பக்கத்தில் வந்து நின்று, உட்கார்ந்து எழுந்தான். மறுபடி உட்கார்ந்து எழுந்தான். திரை மாறும்வரை விடாமல் உட்கார்ந்து எழுந்தான்.

பல்லக்கா திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். தோப்புக்கரணம்!

அவள் வீட்டில் மன்னிப்பு என்றால் அதுதான். தம்பி சின்ன வயதில் எதை உடைத்தாலும் வாயைத் திறந்து மன்னித்துக்கொள் என்று சொல்ல மாட்டான், ரோஷக்காரன். நேரே வந்து அவள் முன்னால் நின்று ரெண்டு தோப்புக்கரணம் போட்டுவிட்டு ஓடிவிடுவான். கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். இப்போது யாரோ ஒரு புண்ணியவான், முகம் தெரியாத ஆளை அடித்துப் போட்டுவிட்டு மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்கிறார். காதைப் பிடிக்கவில்லையே என்று அவள் யோசிக்காமல் இல்லை. கையில் அவ்வளவு பெரிய இரும்புக் காப்பு, மல்லன் எப்படிக் காதைப் பிடிப்பான்? மறு ஆட்டம் வேண்டுமா என்று திரை கேட்டது. எதிரில் இருந்தவர் முதலிலேயே வேண்டும் என்று அமுக்கியிருந்தார். அவளும் அமுக்கினாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவர் இருப்பார். அவள் அழைப்பு அனுப்பினால் உடனே வருவார். அடிப்பார், போடுவார், தோப்புக்கரணமும் போடுவார். அடுத்த ஆட்டம் தொடங்கியதும் அவள் தன் பங்குக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுவாள். பரவாயில்லை என்று அர்த்தம். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் அவளுடைய நடை வேகமானது. டோக்கன் பெண்ணே கவனித்துவிட்டாள்.

"என்ன பல்லக்கா, வீட்ல யாராச்சும் வந்திருக்காங்களா? அஞ்சாறு நாளா பறக்கறீங்க?"

"வருவாங்க" என்றாள் பல்லக்கா. அவள் பொய் சொன்னதாக நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடமும் சொல்லிப் பார்த்தாள். "டேய், உன் கேம் இருக்குல்ல, அதுல தினமும் ஒருத்தர் வர்றார்டா. ரொம்ப நல்ல மனுஷன்."

"ஓ, சூப்பர்க்கா" என்றான் அவன். பின்னால் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. "சாப்டல்ல? நான் அப்புறம் பேசறேன்."

எந்தப் பேச்சுக்காக கேமைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாளோ அந்தப் பேச்சு நடக்கவில்லை. அதற்காக அவள் எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவும் இல்லை. இப்போது அவளுக்கு வேறொரு பயம் வந்திருந்தது. எத்தனை நாளைக்குத்தான் ஒருவர் செத்த பாம்பை அடித்துக்கொண்டிருப்பார்? தினமும் தோற்கிற ஆளோடு ஆட அவருக்கு அலுத்துப்போனால்? ஒருநாள் அழைப்பு அனுப்பி, பதில் வராமல் இருந்தால்? அவர் போகாமல் இருக்க வேண்டுமானால் ஆடத் தெரிய வேண்டும். முறையாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள்.

கேமில் பயிற்சி அறை என்று ஒன்று உண்டு. கட்டம் போட்ட வெற்றுத் தரை, எதிரில் ஒரு பொம்மை எதிராளி. நாமே ஒரு அடியைப் போட்டுப் பதிந்து வைத்தால், அதையே அது திரும்பத் திரும்பப் போடும். பல்லக்கா மல்லனாக மாறி அவனுடைய பெரிய பிடியைப் பதிந்துவைத்தாள். பிறகு குடைக்காரியாக எதிரில் வந்து நின்று அதை வாங்கினாள். சின்னப் பிடி என்றால், பிடிக்கிற நொடியில் நாமும் அதே பட்டனை அமுக்கி உதறிவிடலாம். பெரிய பிடிக்கு அது நடக்காது. கை வருமுன்னே தரையைவிட்டு எகிறியிருக்க வேண்டும். கை வந்த பிறகு எகிறினால் தாமதம், ரொம்ப முன்னால் எகிறினால் காத்திருந்து அடித்து இறக்குவான். மல்லன் தோளை லேசாகத் தாழ்த்துகிற இடம் ஒன்று இருந்தது. அது கண்ணில் பட்டதும் கட்டைவிரல் போக வேண்டும், யோசனைக்கு இடமில்லை. மெழுகில் பல் நடுகிறவளுக்கு மயிரிழை என்றால் என்னவென்று தெரியும். ஆனால் பல் அவசரப்படுத்தாது, இது அவசரப்படுத்தியது.

இன்னொன்றும் பிடிபட்டது. மல்லனுடைய பிடி வெறும் காற்றில் விழுந்தால் அவனால் உடனே மீள முடியாது. தன்னையே கட்டிப்பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க முழுக்க நம்முடையது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அவள் முதலில் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு பெரிய ஆள் தன்னைத்தானே கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

வாரங்கள் ஓடின. மருத்துவமனையில் மாவு காய்கிற இடைவெளியில் கட்டைவிரல் தானாக மேஜை ஓரத்தில் உருட்டிப் பார்க்கும். ஆட்டத்தில் இப்போதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. சின்னப் பிடிகளை உதறினாள், ஒரு சுற்று ஜெயித்தாள். சுற்று ஜெயித்தால் போதாது, ஆட்டம் ஜெயிக்க இரண்டு சுற்று வேண்டும். மல்லனை வைத்து ஆடுகிறவரும் முன்போல முரட்டுத்தனமாக வராமல், நின்று, யோசித்து, பொய்யாக ஒரு அடி எடுத்துவைத்து வந்தார். தன்னை ஒரு ஆளாக மதித்து ஒருவர் யோசிக்கிறார்! அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு அடியைத் தவறவிட்டாள்.

ஜெயித்த நாள் மழை பிடித்திருந்தது. ஆளுக்கொரு சுற்று ஆகி, கடைசிச் சுற்றில் இருவருக்கும் திரையின் மேலே உயிரைக் காட்டும் கோடு ஒரு விரல் அளவுதான் மிச்சம். மல்லன் நெருங்கி வந்து நின்றான். அவள் தடுக்கவில்லை. பின்பக்கம் அழுத்தியிருந்த விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். தோள் தாழ்ந்தது. எகிறினாள். காலுக்குக் கீழே மல்லன் வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்தான். இறங்கும்போது குடை அவன் தலையில் இறங்கியது, கீழே, முன்னால், குத்து, மல்லன் சாய்ந்தான்.

பல்லக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்து பதறினாள். நேரம் போய்விடும், திரை மாறிவிடும். அவர் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. ஓடிப்போய் மல்லன் பக்கத்தில் நின்று தோப்புக்கரணம் போட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு, தினமும் வந்ததற்கு, என்னோடு ஆடியதற்கு, நாளைக்கும் வாருங்கள் என்பதற்கு. மனசில் இருந்ததெல்லாம் தீரும்வரை போட்டாள். கட்டைவிரல் வலித்தது.

மறு ஆட்டம் வேண்டுமா என்று திரை கேட்டது. அவள் அமுக்கினாள். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது.

மறுநாள் அழைப்பு அனுப்பினாள். 'இந்த ஆட்டக்காரர் உங்களைத் தடுத்துவிட்டார், இனி அழைப்பு செல்லாது' என்று வந்தது. தடுப்பு என்றால் அவளுக்குத் தெரியாதா? தடுப்புக்கு மாற்று பிடி. பிடிக்க வேண்டுமானால் ஆள் எதிரில் இருக்க வேண்டும். மறுபடி அனுப்பினாள், அதே வரிதான் வந்தது. ஏதோ கோளாறு என்று பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்க முடியாமல் தம்பிக்கு அவளே போன் போட்டாள்.

"டேய், உன் கேம்ல அந்த மனுஷன் என்னைத் தடுத்துட்டார்டா. நான் என்ன தப்புப் பண்ணேன்னே தெரியல."

"என் கேமா? நீ நெஜமாவே ஆடுறியா? யாரு தடுத்தது?"

"மல்லனை வச்சு ஆடுவார். பேருக்குப் பின்னால சைபரா இருக்கும்."

"ஐயோ! அந்தச் சைபரா!" தம்பி கத்தினான். டைப் அடிக்கிற சத்தம் நின்றது. "அவனை நான் எத்தனை தடவை மண்ணைக் கவ்வ வச்சிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் விழுந்து கெடக்கறவன் மேல உக்காந்து உக்காந்து எந்திரிப்பேன். செம கடுப்பாயிடுவான்."

"எதுக்குடா உக்காந்து எந்திரிக்கணும்?"

"கிண்டல்க்கா. உன் மூஞ்சி மேல உக்காருறேன்னு அர்த்தம். கேம் ஆடுற எல்லாருக்கும் தெரியும்."

பல்லக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். "அவர்... அவரும் பண்ணுவார்டா. தினமும்."

"பண்ணாம? என் பேருல்ல இருக்கு அதுல! நான்தான் ஆடுறேன்னு நெனச்சிருப்பான். பழைய ஆத்திரத்தையெல்லாம் தீத்திருக்கான், பாவி."

"நான் ஒருதடவை ஜெயிச்சுட்டேன்" என்றாள்.

"சைபரையா? நீயா? அப்புறம்?"

"நானும் உக்காந்து எந்திரிச்சேன். நான் அத தோப்புக்கரணம்னு..."

அவன் காதில் மீதி விழவில்லை. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மூச்சு வாங்க, இருமி, மறுபடி சிரித்தான். "அக்கா, அக்கா, என் மானத்தையே காப்பாத்திட்ட. எப்படி ஜெயிச்ச, சொல்லு, பெரிய பிடிக்கு எகிறுனியா? எப்ப எகிறுன?" என்று கேட்டுக்கொண்டே போனான். அவள் சொன்னாள், தோள் தாழ்கிற இடத்தைச் சொன்னாள். அவன் "ஆமா, ஆமா, அங்கதான்" என்றான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் அவர்கள் பேசியதில்லை. அவள் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அவன் சிரித்த இடத்திலெல்லாம் அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது, போனில் அது தெரியாது.

போனை வைத்தாள். அவமானம் என்று பார்த்தால் அவமானம்தான். தினமும் ஒருவன் முகத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறான், அவள் பரவாயில்லை என்று பதில் மரியாதை செய்திருக்கிறாள். ஆனால் குத்தியது அது இல்லை. அந்தக் கிண்டல்கூட அவளுக்கு வந்தது இல்லை. அத்தனை சாயங்காலமும் தம்பிக்கும் யாரோ ஒருவருக்கும் நடந்த சண்டை, நடுவில் அவள் இருந்ததே எதிராளிக்குத் தெரியாது.

ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, தம்பியின் பெயரிலிருந்து வெளியே வந்து, புது ஆட்டக்காரர் என்பதை அமுக்கினாள். பெயர் கேட்டது. தன் பெயரை அடித்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், வேறு பெயர் கொடு என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, பல்லக்கா என்று அடித்தாள். அப்படி உலகத்தில் வேறு யாரும் இல்லை.

முதலில் சைபர்காரருக்குத்தான் அழைப்பு அனுப்பினாள். இந்தப் பெயரை அவர் தடுத்திருக்கவில்லை, அழைப்பு போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு புதுமுகத்தோடு ஆட அவருக்கு என்ன அவசியம்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யார் கிடைத்தாலும் சரி என்கிற பட்டனை அமுக்கினாள்.

வாளேந்தியவனை வைத்து ஆடும் ஒருவர் கிடைத்தார். கைதேர்ந்த ஆள். வாளின் நீளத்துக்குக் குடை எட்டவே இல்லை. மல்லனுக்காகக் கற்றது எதுவும் இவரிடம் செல்லவில்லை, எகிறினால் எகிறிய இடத்திலேயே வெட்டினார். இரண்டு சுற்றும் போயிற்று. குடைக்காரி கீழே விழுந்தாள். அவள் தலைக்கு மேலே, எல்லாரும் பார்க்கிற மாதிரி, பல்லக்கா என்று எழுதியிருந்தது. வாள்காரன் நடந்து வந்து பக்கத்தில் நின்றான். உட்கார்ந்து எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்து எழுந்தான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். அது வேறு யாருக்கும் வந்தது இல்லை, அவளுக்கே வந்தது. மறு ஆட்டம் வேண்டுமா என்று திரை கேட்டது. பல்லக்கா வேண்டும் என்று அமுக்கிவிட்டு, அந்தப் பக்கத்து ஆளும் அமுக்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.